‘லைலா’: ஓர் ஆங்கிலப் பாடலும் நமது பழங்கதையும்



1970ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள கிரைட்டீரியா ஒலிப்பதிவுக் கூடத்தில், எரிக் கிளாப்டன் என்ற 25 வயது ஆங்கிலேயக் கிதார் கலைஞர் தம் குழுவினருடன் ஒரு பாடலைப் பதிவு செய்தார். ஏழு நிமிட நீளமுள்ள அப்பாடல் அவ்வாண்டு நவம்பரில் ஓர் இரட்டை இசைத்தட்டில் வெளிவந்தது. தம் பெயரை முன்னிறுத்தாமல் குழுவுக்கு ‘டெரெக் அண்ட் த டாமினோஸ்’ என்று அவர் பெயரிட்டிருந்ததால், முதலில் அதைப் பெரிதாகக் கவனித்தவர் சிலரே. ஈராண்டுகள் கழித்துத் தனித்தட்டாக வந்தபோதுதான் அது பரவலாக ஒலித்தது. 1992இல் மின்கிதாரின் ஆரவாரம் இல்லாமல் அவர் மெதுவாகப் பாடிய மறுவடிவம் அடுத்த தலைமுறையையும் பற்றிக்கொண்டது. அப்பாடலின் பெயர் ‘லைலா’.

இதைக் கேளுங்கள் என்று சொல்ல நாம் இதனை எழுதவில்லை. இசைக்கருவிகள் பற்றிய மார்க்கச் சட்டம் தனித் தலைப்பு. அதில் இமாம்களின் கருத்துகளை அறிந்தோர் அறிவர். ஆயினும் நம் பிள்ளைகளின் கைபேசிகளில் இப்பாடல் இருக்கிறது. அதன் தலைப்பிலிருக்கும் பெயரோ நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு நாம் சூட்டும் பெயர். தெருவில் ஓர் இளைஞன் ஒரு பெண்ணைப் பற்றியே பேசித் திரிந்தால் “பெரிய லைலா மஜ்னு” என்று கேலி பேசுகிற வழக்கமும் நம்மிடையே உண்டு. அரபுப் பாலைவனத்தின் கதையொன்று மயாமி வரை எப்படிச் சென்றது, செல்லும் வழியில் எதை இழந்தது என்பதை அறிவது வீண் வேலையாகாது என்று கருதுகிறோம்.

கதையை அவரிடம் கொண்டு சேர்த்தவரிடமிருந்தே தொடங்குவோம். கிளாப்டனுக்கு இக்கதையை அறிமுகம் செய்தவர் இயன் டல்லாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் 1930இல் பிறந்தவர், நாடக ஆசிரியர், நடிகர். இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் புகழ்பெற்ற ‘எட்டரை’ என்ற படத்தில் மந்திரவாதியாகத் தோன்றியவர் அவரே. 1967இல் மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். பின்னாளில் ஷைக் அப்துல் காதிர் அஸ்ஸூஃபி என்ற பெயரில் முராபிதூன் இயக்கத்தை நிறுவி, 2021இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் காலமானார். அவருடைய பிற்காலக் கருத்துகள் பலவற்றில் அறிஞர்கள் அவரோடு உடன்படவில்லை. அது வேறு பேச்சு. இஸ்லாத்துக்கு வந்து மூன்றாண்டுகளே ஆன ஒருவர், லண்டனின் இசைக் கூட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞருக்கு லைலா மஜ்னூன் கதையைக் கொடுத்தார் என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி. ஒரு ஸூஃபி நோக்குடையவர் அக்கதையை எந்த எண்ணத்துடன் கொடுத்திருப்பார் என்பதை மஸ்னவியைப் புரட்டியவர்கள் ஊகிக்கலாம். ஆனால் கொடுப்பவரின் எண்ணம் பெறுபவரிடம் அப்படியே போய்ச் சேர்வதில்லை.

கதையின் மூலம் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. நஜ்து பகுதியில் பனூ ஆமிர் குலத்தில் கைஸ் இப்னுல் முலவ்வஹ் என்றோர் இளைஞர் இருந்தார். அதே குலத்தின் லைலாவை அவர் நேசித்தார். அவரைப் பற்றிய செய்திகளை அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ ‘கிதாபுல் அகானீ’யில் திரட்டித் தருகிறார். அப்படியொரு மனிதர் உண்மையில் வாழ்ந்தாரா என்ற ஐயத்தையும் அவரே சேர்த்துப் பதிவு செய்கிறார். நாம் இங்கே கவனிக்க வேண்டியது, அச்செய்திகளில் லைலாவின் தந்தை மணம் பேச மறுத்ததற்குச் சொல்லப்படும் காரணம். கைஸ் ஏழை என்பதோ தாழ்ந்த குலத்தவர் என்பதோ அல்ல அக்காரணம். அவர் கவிதைகளில் லைலாவின் பெயரைச் சொல்லிவிட்டார். அவை ஊர் ஊராகப் பாடப்பட்டன. ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிப் பாடுவதை அரபுகள் தஷ்பீப் என்பர். அப்படிப் பாடியவனுக்கே அவளை மணமுடித்துக் கொடுத்தால், மக்கள் பேசியது உண்மை என்று தந்தையே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே கவிதையே மணத்துக்குத் தடையானது. காதலைச் சொன்ன வாயே காதலியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டது. கைஸ் மஜ்னூன் ஆனார். லைலாவை வேறொருவருக்கு மணமுடித்து வைத்தனர்.

ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, இன்றைய அஸர்பைஜானிலுள்ள கஞ்சா நகரின் நிஸாமீ அதைப் பாரசீகக் காவியமாக்கினார். ஷிர்வான் மன்னர் அக்ஸிதான் கேட்டுக்கொண்டதால் ஹிஜ்ரி 584இல், அதாவது 1188இல், அதனை எழுதினார். தொடக்கத்தில் அவருக்கு அதில் விருப்பமில்லை என்பதை அவரே நூல்முகத்தில் கூறுகிறார். தோட்டமில்லை, அரசவை விருந்தில்லை, மணலும் மலையும் மட்டுமே உள்ள வறண்ட கதை என்பது அவருடைய குறை. 14 வயது மகன் முஹம்மத் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டு, நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஈரடிகளை நான்கு மாதங்களுக்குள் முடித்துவிட்டார்! விருப்பமில்லாத வேலையை மனிதர் இவ்வளவு விரைவாகச் செய்வாரா என்று நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

நிஸாமீயின் காவியத்தில் பலரும் எடுத்துக்காட்டும் இடம் கஅபாவில் நிகழ்கிறது. மகனின் பித்து தெளிய வேண்டுமென்று தந்தை அவரை ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்கிறார். கஅபாவின் வாயில் வளையத்தைப் பிடித்து, இந்த நோயிலிருந்து விடுதலை கேள் என்கிறார். மஜ்னூனோ அவ்வளையத்தைப் பற்றிக்கொண்டு, இந்த அன்பை இன்னும் அதிகமாக்கு என்று கேட்கிறார். ஸூஃபிகள் இதனை இறைக்காதலுக்கு உவமையாக விரித்தனர். மௌலானா ரூமியும் ஜாமீயும் மஜ்னூனை அப்படித்தான் கண்டனர். மார்க்கக் கல்வி கற்பிக்கும் நமக்கோ, அந்தத் தந்தை அங்கே நின்றிருந்த கோலம் மறப்பதில்லை. பிள்ளைக்காகக் கேட்க வந்த துஆ தம் கண் முன்னே எதிர்த்திசையில் திரும்பியதைப் பார்த்த மனிதர் அவர்.

அதே காவியத்தில் அதிகம் பேசப்படாத இன்னோர் இடம் உண்டு. மணமான லைலா, தன்னிடம் செய்தி கொண்டுவரும் முதியவரிடம் பேசுகிறாள். ஒரு காலத்தில் தான் லைலாவாக இருந்ததாகவும், இப்போது ஆயிரம் மஜ்னூன்களைவிடத் தன் பித்து பெரிது என்றும் சொல்கிறாள். அவருக்கு நினைத்த இடத்துக்குப் போகக் கால் உண்டு. எனக்கு அது இல்லை என்கிறாள். மஜ்னூன் மலையில் நின்று அலறலாம். கூடாரத்துக்குள் இருப்பவள் தன் அழுகையையும் மறைத்தாக வேண்டும். கதையின் பெயரில் முதலில் நிற்பவளுக்குக் கதைக்குள் கிடைத்த இடம் எவ்வளவு குறுகியது என்பதை நிஸாமீ உணர்ந்தே எழுதியிருக்கிறார்.

இனி கிளாப்டனின் லைலாவுக்கு வருவோம்.

அவருடைய லைலாவின் பெயர் பேட்டி பாய்ட். அவர் அப்போது பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி, 1966இல் மணமானவர். ஹாரிசனும் கிளாப்டனும் நெருங்கிய நண்பர்கள். ஒருவர் இசைத்தட்டில் மற்றவர் வாசித்தவர்கள். நண்பரின் மனைவி மீது கொண்ட ஆசையால் துடித்துக்கொண்டிருந்தபோதுதான் டல்லாஸின் வழியே மஜ்னூனின் கதை கிளாப்டனுக்குக் கிடைத்தது. அதில் அவர் தம்மையே கண்டார். அந்த இசைத்தட்டில் ‘ஐ ஆம் யுவர்ஸ்’ என்றொரு சிறு பாடலும் உண்டு. அதற்கு நிஸாமீயின் பெயரையே இணை ஆசிரியராகக் குறித்திருக்கிறார்கள். கஞ்சா நகரின் கவிஞருக்கு மேற்கத்திய ராக் இசைத்தட்டில் ஓர் இடம் கிடைத்த கதை இது.

பேட்டி பாய்ட் 2007இல் வெளியிட்ட தன்வரலாற்றில், அப்பாடலைத் தாம் முதன்முதலாகக் கேட்ட நாளை விவரிக்கிறார். லண்டனில் ஒரு குடியிருப்புக்கு அவரை வரவழைத்து, ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அவருடைய முகத்தையே கிளாப்டன் கவனித்துக்கொண்டிருந்தாராம். பாடலின் ஆற்றல் தம்மை உலுக்கியதாகப் பாய்ட் எழுதுகிறார். ஆனால் அவருக்கு முதலில் தோன்றிய எண்ணம், இது தம்மைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற அச்சம். இதைப் படித்தபோது நமக்கு நஜ்துப் பாலைவனம் நினைவுக்கு வந்தது. பதின்மூன்று நூற்றாண்டுகள் இடையில் கிடக்கின்றன. லைலாவின் தந்தை அஞ்சியதும் இந்தப் பெண் அஞ்சியதும் ஒன்றே. கைஸ் பெயரை வெளிப்படையாகச் சொன்னார்; கிளாப்டன் பெயரை மறைத்தார். அப்படி மறைக்க அவருக்குக் கிடைத்த திரையோ, பெயர் வெளிப்பட்டதால் துயருற்ற பெண்ணின் பெயர்.

கதையும் பாடலும் பிரியும் இடத்தை நாம் தெளிவாகப் பார்க்க வேண்டும். மஜ்னூனின் கதையில், மணம் முடியாத இருவரின் அன்பு முதலில் வருகிறது. கணவன் பின்னர் வருகிறான். கிளாப்டனின் வாழ்க்கையில் கணவர் ஏற்கெனவே இருக்கிறார். பாடல் அந்த மணத்தின் வாசலில் வந்து நின்று அழைக்கிறது. ஒருவருடைய மனைவியை அவருக்கு எதிராகத் திருப்புபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில், அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக நபிமொழியொன்று அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. ஃபிக்ஹ் அறிஞர்கள் இதனைத் தக்பீப் என்ற சொல்லால் குறிப்பர். பாடலின் உணர்ச்சி எவ்வளவு உண்மையானதாக இருப்பினும் இந்த அளவுகோல் மாறாது. மஜ்னூன் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டதால் ஒருவருக்கு மஜ்னூனின் நியாயம் கிடைத்துவிடுவதில்லை.

அதற்குப் பின் நடந்தது இன்னும் கடுமையானது. பாய்ட் தம் கணவரை விட்டு வர மறுத்தபோது, கிளாப்டன் ஒரு ஹெராயின் பொட்டலத்தைக் காட்டி, நீ வராவிட்டால் இதை எடுத்துக்கொள்வேன் என்று அச்சுறுத்தியதாக அவர் எழுதுகிறார். அவர் அப்போது போகவில்லை. கிளாப்டன் சுமார் மூன்றாண்டுகள் அப்போதைப் பழக்கத்துக்குள் மூழ்கிப்போனார். இவ்வகை அச்சுறுத்தலை நம் ஊர்களிலும் கேட்கிறோம். பிளேடால் கையைக் கீறிக்கொண்டு படம் அனுப்பும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அப்படம் வந்து சேர்ந்த பெண் பிள்ளையின் பெற்றோர் நம்மிடம் வந்து அழுததும் உண்டு. இதற்குக் காதல் என்று பெயர் வைத்துப் பாடும்போது, எந்தப் பெண்ணின் தலையில் அந்தச் சுமை இறக்கப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

காதல் நோயைப் பற்றி இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ நூலில் மருத்துவர் போல எழுதியிருக்கிறார்கள். மார்க்கம் அனுமதிக்கும் வழி இருந்தால் நிகாஹே மருந்து. அவ்வழி இல்லையெனில், கிட்டாது என்பதை உள்ளத்துக்கு உணர்த்தி நம்பிக்கையைத் துண்டிப்பது மருந்து. காதலை மறைத்துக் கற்போடு இறப்பவர் ஷஹீத் என்று பரவலாகச் சொல்லப்படும் செய்தி நபிமொழியாக நிறுவப்படவில்லை என்பதையும் அவர்களே அங்கு எடுத்துரைக்கிறார்கள். மஜ்னூனைப் புகழ்வோர் பலர் இன்றும் அச்செய்தியை மேடையில் சொல்வதால் இதனைக் குறிப்பிட்டோம்.

கிளாப்டன் கேட்டது ஒரு நாள் கிடைத்தது. ஹாரிசனும் பாய்டும் 1977இல் மணவிலக்குப் பெற்றனர். 1979இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கிளாப்டன் பாய்டை மணந்தார். நிஸாமீயின் காவியத்தில் கடைசி வரை இல்லாத சேர்க்கை இங்கு நிகழ்ந்தது. ஆனால் அந்த மணவாழ்வு மதுவாலும் கணவரின் பிற உறவுகளாலும் சிதைந்து, 1989இல் மணவிலக்கில் முடிந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம், பாய்ட் தம்மிடமிருந்த பழைய கடிதங்களையும் படங்களையும் லண்டனின் கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வைத்தார். காதலை இறைஞ்சிக் கிளாப்டன் எழுதிய கடிதங்கள் அவற்றில் இருந்தன. அந்த இசைத்தட்டின் உறையை அலங்கரித்த பெண் முக ஓவியம் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டுகளுக்கு விற்றது.

பாடலின் பிற்பாதியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. முற்பாதியில் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் கிதார்களைக் கதற விடுகின்றனர். பிறகு பாட்டு நின்று, பியானோ அமைதியாக நீண்ட நேரம் ஒலிக்கிறது. அந்தப் பியானோ இசைக்கு உரியவராகக் குழுவின் முரசுக் கலைஞர் ஜிம் கார்டன் குறிக்கப்பட்டுள்ளார். பாடகி ரீட்டா கூலிட்ஜோ, அந்த இசையைக் கார்டனுடன் சேர்ந்து தாமும் அமைத்ததாகத் தம் நினைவுக்குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். அதே குழுவில் இருந்த பாபி விட்லாக்கும் அவ்வாறே கூறியுள்ளார். ஆசிரியர் வரிசையில் கூலிட்ஜின் பெயர் சேர்க்கப்படவேயில்லை. லைலா என்ற பெண் பெயரைத் தாங்கிய பாடலின் உள்ளேயும் ஒரு பெண் மறைந்துதான் இருக்கிறார் போலும்.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகு, மத்ரஸாவின் மூத்த மாணவர்களுக்குத் தலாக் பாடத்தில் வரும் முஃகீஸ், பரீரா (ரலி) இருவரின் செய்தியை நாம் நிதானமாக நடத்துவதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஸஹீஹ் புகாரீயில் உள்ள செய்தி அது. பரீரா அடிமையாக இருந்தவர். ஆயிஷா (ரலி) அவர்கள் அவரை விடுவித்தார்கள். விடுதலை பெற்ற பெண்ணுக்கு, அடிமையான கணவருடன் வாழ்வதா பிரிவதா என்று முடிவெடுக்கும் உரிமை உண்டு. பரீரா பிரிவைத் தேர்ந்தெடுத்தார். முஃகீஸ் மதீனாவின் தெருக்களில் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. முஃகீஸின் அன்பையும் பரீராவின் வெறுப்பையும் கண்டு வியப்படையவில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். பரீராவிடம், அவரை மீண்டும் ஏற்றுக்கொள்ளலாமே என்றும் கூறினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரை மட்டுமே என்று பதில் வந்தது. அப்படியானால் தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். இதனை அறிவிக்கும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், முஃகீஸ் அழுதுகொண்டே சுற்றியதைத் தாம் இப்போதும் பார்ப்பது போலிருக்கிறது என்கிறார்கள்.

ஆண்கள் வகுப்பில் இப்பாடம் முடிந்ததும் முஃகீஸைப் பற்றித்தான் பேசுவார்கள். பாவம் என்பார்கள், அந்தத் தாடியும் கண்ணீரும் அவர்களை உருக்கிவிடும். அதில் தவறில்லை, நபியவர்களே அவருக்காகப் பரிந்து பேசியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு பெண்கள் வகுப்பில், திரைக்கு அப்பாலிருந்து ஒரு மாணவி கேட்டார்: “ஹஜ்ரத், ரஸூலுல்லாஹ்வே சொல்லியும் அவங்க வேணாம்னு சொன்னாங்களா? அதுக்கப்புறம் அவங்கள யாரும் ஒண்ணும் சொல்லலியா?”

ஒன்றும் சொல்லவில்லை என்றோம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, அரபு மூலத்தை இன்னொரு முறை வாசிக்குமாறு கேட்டார்கள். வாசித்தோம்.